போர்ச் செய்தியும் வரி அறிவிப்பும் சந்தை விலைக்குள் நுழையும் விதம்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் பீப்பாய்க்கு 20 டாலருக்கும் குறைவாக விற்ற கச்சா எண்ணெய் அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியது. அமெரிக்கப் பங்குகளின் எஸ் அண்டு பி 500 குறியீடு, ஜூலை நடுவில் தொட்ட உச்சத்திலிருந்து அக்டோபருக்குள் ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்தது. போர் அச்சம் வந்தால் எண்ணெய் ஏறும், பங்குகள் இறங்கும் என்று நாம் பொதுவாக எண்ணுவதற்கு இது முழுக்கப் பொருந்தி வருகிறது. ஆனால் 1991 ஜனவரி 17 அன்று, அமெரிக்கக் கூட்டணிப் படைகள் பாக்தாத் மீது குண்டுவீச்சைத் தொடங்கிய செய்தி வந்த பிறகு நடந்த முதல் வர்த்தகத்தில், எண்ணெய் விலை ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது; எஸ் அண்டு பி 500 சுமார் 3.7 சதவீதம் உயர்ந்தது. போர் வருமோ என்ற அச்சத்தில் விழுந்த சந்தை, போர் வந்தே விட்ட நாளில் எழுந்தது.

இந்தப் புதிருக்கு விடை தெரிந்தால், உலக அரசியலுக்கும் நிதிச் சந்தைக்கும் உள்ள உறவில் பாதி புரிந்துவிடும். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரு பங்கின் இன்றைய விலை என்பது, அந்த நிறுவனம் இனி வரும் ஆண்டுகளில் ஈட்டப்போகும் லாபத்தைப் பற்றி, வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து இன்று போடும் கணக்கு. நாளைய லாபம் எவருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால், நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பளவு கொடுத்து, அவற்றின் சராசரியை ஒட்டியே விலை நிற்கும். போர் மூளாவிட்டால் 100 மதிப்புப் பெறும் பங்கு, நீண்ட போர் மூண்டால் 70 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு என்று பெரும்பாலோர் கருதினால், முதல் குண்டு விழுவதற்கு முன்பே பங்கு 85-க்கு வந்துவிடும். பிறகு போர் மூள்கிறது. ஆனால் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேதமில்லை, சில வாரங்களில் முடிந்துவிடும் என்று முதல் நாளிலேயே தெரிகிறது என்றால், அந்தக் குறுகிய போருக்குரிய மதிப்பான 95-ஐ நோக்கி விலை நகரும். செய்தித்தாளைப் படிப்பவருக்கு அது போர் தொடங்கிய நாள். சந்தைக்கு அது, மிக மோசமான வாய்ப்பு கணக்கிலிருந்து நீங்கிய நாள். 1991 ஜனவரியில் நடந்தது இதுதான். அதோடு, அமெரிக்கா தன் அவசரகால எண்ணெய்க் கையிருப்பைத் திறந்துவிடுவதாக அறிவித்ததும் விலை வீழ்ச்சிக்குத் துணை நின்றது.

ஆகவே ஒரு நிகழ்வு எவ்வளவு கொடியது என்பதும், அது விலையை எவ்வளவு அசைக்கிறது என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே விலையை அசைக்கிறது. பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்ட பல போர்கள் உலகச் சந்தைகளில் சலனமே இல்லாமல் கடந்து போயிருக்கின்றன. காரணம், அவை பெரிய எண்ணெய்க் கிணற்றையோ கப்பல் வழியையோ தொழிற்சாலையையோ தொடவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கனமாகவே இருக்கிறது, ஆயினும் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்: சந்தை அமைதியாக இருக்கிறது என்பதை உலகம் அமைதியாக இருக்கிறது என்று ஒருபோதும் படிக்கக் கூடாது. சந்தை அளப்பது பணத்தின் வரவை மட்டுமே.

அந்த வரவின் இன்றைய மதிப்பை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, எதிர்பார்க்கப்படும் லாபம். மற்றொன்று, அந்த லாபத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கணக்கிடப் பயன்படும் விகிதம். இதில் வட்டியும் இருக்கிறது, முதலீட்டாளர் தன் மனக்கலக்கத்துக்குக் கேட்கும் கூடுதல் கூலியும் இருக்கிறது. அரசியல் பதற்றம் வந்தால், ஒரு நிறுவனத்தின் விற்பனையில் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே அதன் பங்கு விழக்கூடும். இவ்வளவு கலக்கத்தில் இதை வைத்திருக்க எனக்கு இன்னும் அதிக வருவாய் வேண்டும் என்று வாங்குபவர் நினைப்பதே போதும். இந்த இரண்டாவது வகை வீழ்ச்சி கலக்கம் தணிந்ததும் திரும்பிவிடும். முதல் வகை, லாபமே குறைந்ததால் வந்த வீழ்ச்சி, எளிதில் திரும்பாது. ஒரு சரிவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதல் நாளிலேயே பிரித்தறிவது மிகக் கடினம். பெரும் அனுபவசாலிகளும் இதில் தவறியிருக்கிறார்கள்.

லாபம் உண்மையாகவே குறையும் வழிகளில் மிகப் பழையது எண்ணெய். எண்ணெய் ஏறினால் போக்குவரத்து, உரம், பிளாஸ்டிக், மின்சாரம் என்று பலவற்றின் செலவு ஏறுகிறது. மக்கள் எரிபொருளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் மற்றப் பொருட்களுக்குச் செலவிடுவது குறைகிறது. பணவீக்கம் எழுவதால் மத்திய வங்கி வட்டியை உயர்த்த நேர்கிறது. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போரையொட்டி அரபு எண்ணெய் உற்பத்தி நாடுகள் ஏற்றுமதித் தடை விதித்தபோது, பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்கப் பங்குகள் 1973 ஜனவரியிலேயே இறங்கத் தொடங்கியிருந்தன என்பதால் பழி முழுவதையும் எண்ணெயின் மேல் போட முடியாது. ஆனால் 1974 அக்டோபர் வரை நீண்டு, எஸ் அண்டு பி 500-இன் மதிப்பில் ஏறக்குறைய பாதியைக் கரைத்த அந்தச் சரிவை இவ்வளவு ஆழமாக்கியதில் எண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கு எதிர்முனையில் 2019 செப்டம்பர் 14 நிற்கிறது. அன்று சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய்ச் சுத்திகரிப்பு மையம் ட்ரோன்களாலும் ஏவுகணைகளாலும் தாக்கப்பட்டு, நாளொன்றுக்கு சுமார் 57 லட்சம் பீப்பாய், அதாவது உலக வரத்தில் ஏறத்தாழ 5 சதவீதம், தடைபட்டது. திங்கட்கிழமை சந்தை திறந்தபோது, உலக எண்ணெய் விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய் ஒரே நாளில் ஏறக்குறைய 15 சதவீதம் உயர்ந்தது. ஆனால் பழுது விரைவாகச் சரிசெய்யப்பட்டது, கையிருப்பிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்தது. சுமார் இரண்டு வாரங்களில் விலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 1973-இல் தடைபட்ட வரத்தும் 2019-இல் தடைபட்டதும் அளவில் ஒன்றுக்கொன்று வெகு தூரமில்லை. தடை எவ்வளவு காலம் நீடித்தது என்பதில்தான் இரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. எண்ணெய்ச் செய்தி எதைப் படித்தாலும், எத்தனை பீப்பாய் என்று கேட்ட கையோடு எத்தனை நாள் என்றும் கேட்பது நல்லது. ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையிலுள்ள ஹோர்முஸ் நீரிணை பேச்சில் அடிபடும்போதெல்லாம் சந்தை பதறுவதும் இதனால்தான். உலகம் ஒரு நாளில் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கடந்து சென்ற வழி அது. அந்த அளவு முழுவதையும் வேறு வழியில் அனுப்பக் குழாய்கள் போதாது.

எண்ணெய் ஏறுவதற்கு ஒரு கப்பல்கூட நிற்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கடற்பகுதி ஆபத்தானது என்று காப்பீட்டாளர்கள் கருதிவிட்டால், போர் ஆபத்துக்கான காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறது. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயண நாட்கள் கூடின, எரிபொருள் கூடியது, கொள்கலன் கட்டணம் பல மடங்கு ஏறியது. அதே வேளையில் கப்பல் நிறுவனங்களின் பங்குகள் உயர்ந்தன. ஒரே அபாயம் ஒருவருக்குச் செலவாகவும் இன்னொருவருக்கு வருமானமாகவும் அமைந்துவிடுகிறது.

அச்சம் பரவும்போது பணம் ஆபத்தான இடத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு ஓடுகிறது என்பார்கள். அமெரிக்க அரசின் கடன் பத்திரங்கள், டாலர், ஜப்பானின் யென், சுவிஸ் பிராங்க், தங்கம் ஆகியவை நெடுங்காலமாக அந்தப் புகலிடங்கள். பத்திரங்களை எல்லோரும் வாங்க முனைவதால் அவற்றின் விலை ஏறி, வருவாய் விகிதம் இறங்கும். இதே ஓட்டத்தில் சிறிய சந்தைகளைக் கொண்ட நாடுகளிலிருந்து அந்நிய முதலீடு வெளியேறும். அவற்றின் நாணயம் சரியும். டாலரில் வாங்கிய கடனின் சுமை ஏறும். போரோடு எந்தத் தொடர்பும் இல்லாத நாடும் இப்படி அடி வாங்குகிறது.

ஆனால் புகலிடம் என்ற சொல் தொடக்கநிலை முதலீட்டாளரை எளிதில் ஏமாற்றிவிடும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கியதும் தங்கம் உயர்ந்து, மார்ச்சில் அவுன்சுக்கு 2,000 டாலரைக் கடந்தது. போர் முடியவில்லை, இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. ஆயினும் அந்த ஆண்டின் நவம்பர் தொடக்கத்தில் தங்கம் சுமார் 1,630 டாலருக்கு இறங்கியிருந்தது. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மளமளவென உயர்த்தியதே காரணம்: பத்திரம் நல்ல வட்டி தரும்போது, வட்டியே தராத தங்கத்தை வைத்திருப்பது இழப்பாகத் தோன்றும். இன்னொன்று, சந்தை கடுமையாக விழும் நாட்களில் கடன் வாங்கி முதலீடு செய்தவர்கள் உடனே பணம் கட்ட வேண்டியிருக்கும். அப்போது அவர்கள் விற்க விரும்புவதை விற்பதில்லை, விற்க முடிவதை விற்கிறார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று பங்குகளோடு தங்கமும் சேர்ந்து விழுந்ததன் பின்னணியில் இதுவும் இருந்தது.

இப்போது வர்த்தகப் பதற்றத்துக்கு வருகிறேன். இதுவும் அரசியல் அபாயமே என்றாலும் இதன் இயல்பு வேறு. போர் ஒரு நிகழ்வு; இறக்குமதி வரி ஓர் அரசு எடுக்கும் முடிவு. ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போய்விடக்கூடும்.

முதலில் ஒரு தவறான புரிதலை அகற்ற வேண்டும். ஒரு நாடு இன்னொரு நாட்டுப் பொருட்கள்மீது 25 சதவீத வரி விதித்தால், அந்தப் பணத்தைச் சுங்கத்தில் கட்டுவது பொருளை அனுப்பும் நாடு அல்ல. அதை இறக்குமதி செய்யும் நிறுவனம். பிறகு அந்தச் சுமை மூவரிடையே பங்கிடப்படுகிறது: அனுப்புபவர் தன் விலையைக் குறைக்கலாம், இறக்குமதியாளர் தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், வாங்கும் மக்கள் கூடுதல் விலை கொடுக்கலாம். 2018-இல் அமெரிக்கா விதித்த வரிகளை ஆராய்ந்த மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் ஆகிய பொருளியலாளர்கள், ஏறத்தாழ முழுச் சுமையும் அமெரிக்க இறக்குமதியாளர்மீதும் நுகர்வோர்மீதுமே விழுந்ததாகக் கண்டார்கள். எனவே வரிச் செய்தி வந்ததும் வரி விதித்த நாட்டின் பங்குகளே விழுவதில் வியப்பில்லை.

2018 ஜூலை 6 அன்று அமெரிக்கா 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்கள்மீது 25 சதவீத வரியைத் தொடங்கியது. சீனா அதே நாளில் பதில் வரி விதித்தது. அந்தப் பதில் பட்டியலில் இருந்த சோயா மொச்சை, வரி சந்தைக்குள் எப்படிப் பாய்கிறது என்பதற்கு மிகத் தெளிவான பாடம். உலகச் சோயா வர்த்தகத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை வாங்கும் நாடு சீனா. அந்த வாடிக்கையாளர் விலகியதும் சிகாகோ சந்தையில் அமெரிக்க சோயாவின் விலை வசந்த காலத்தில், அமெரிக்க அளவையான புஷலுக்கு 10 டாலருக்கு மேல் இருந்தது, ஜூலையில் சுமார் 8.5 டாலருக்குச் சரிந்தது. பிரேசில் சோயாவுக்கோ வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஒரே விளைபொருள், உலகின் இரு கரைகளில் இரு விலை. சீனாவுக்கான அமெரிக்க சோயா ஏற்றுமதி 2017-இல் சுமார் 1,200 கோடி டாலராக இருந்து, 2018-இல் சுமார் 300 கோடி டாலருக்குக் குறைந்தது. வர்த்தகம் அழியவில்லை, வழி மாறியது. வழி மாறுவதற்கும் விலை உண்டு, அந்த விலையைக் கொடுத்தவர்கள் அமெரிக்க விவசாயிகள்.

நாணயமும் இந்தச் சண்டைக்குள் வரும். ஒரு நாட்டின் பொருட்களுக்கு 10 சதவீத வரி விழுந்து, அந்நாட்டின் நாணயமும் ஏறத்தாழ 10 சதவீதம் மலிந்தால், வாங்குபவரை அடையும் விலை பெரிதாக மாறாது. 2018 வசந்த காலத்தில் டாலருக்குச் சுமார் 6.3 ஆக இருந்த சீன யுவான், 2019 ஆகஸ்ட் 5 அன்று 2008-க்குப் பிறகு முதன்முறையாக 7-ஐத் தாண்டிச் சரிந்தது. புதிய வரிச் சுற்று அறிவிக்கப்பட்ட சில நாட்களில் நடந்த இதை, சீனா நாணயத்தை ஆயுதமாக்கத் தொடங்கிவிட்டது என்று சந்தை படித்தது. எஸ் அண்டு பி 500 அன்று சுமார் 3 சதவீதம் விழுந்தது. சண்டை வரியோடு நிற்காது என்ற எண்ணமே அந்த வீழ்ச்சிக்குக் காரணம்.

வரியைவிட ஆழமாகப் பாதிப்பது, வரி என்னவாகும் என்று தெரியாத நிலை என்பது என் கருத்து. 1921-லேயே பொருளியலாளர் பிராங்க் நைட் அபாயத்தையும் நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார்: பகடையில் எந்த எண் விழும் என்று தெரியாது, ஆனால் வாய்ப்பைக் கணக்கிடலாம், அது அபாயம்; பகடைக்கு எத்தனை பக்கம் என்பதே தெரியாதபோது இருப்பது நிச்சயமின்மை. 20 சதவீத வரி நிரந்தரம் என்று தெரிந்தால் ஒரு தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறும், அல்லது விலையைக் கூட்டும், அல்லது அந்தப் பொருளையே கைவிடும். எதுவானாலும் ஒரு முடிவு எடுக்கும். அடுத்த மாதம் வரி பூஜ்யமாகலாம், 50-உம் ஆகலாம் என்றால், பொறுத்துப் பார்ப்பதே அறிவு. பல்லாயிரம் நிறுவனங்கள் ஒரே வேளையில் பொறுத்துப் பார்த்தால் இயந்திரங்கள் வாங்கப்படுவதில்லை, ஆட்கள் எடுக்கப்படுவதில்லை, பொருளாதாரம் தானாகவே மெலிகிறது.

2025 ஏப்ரலில் இது முழு உருவில் தெரிந்தது. ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏறக்குறைய எல்லா நாடுகள்மீதும் புதிய வரிகளை அறிவித்தார். அறிவிப்பு வரும் என்பது தெரிந்ததே. அளவுதான் எவரும் கணக்கிட்டதைவிடப் பெரிதாக இருந்தது. எஸ் அண்டு பி 500 அடுத்த நாள் 4.8 சதவீதமும் அதற்கடுத்த நாள் 6 சதவீதமும் விழுந்தது. அடுத்த 30 நாட்களில் பங்குகள் எவ்வளவு ஆடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதை, பங்குகளைக் குறித்த விலைக்குப் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்களின் விலைகளிலிருந்து கணக்கிடும் விக்ஸ் குறியீடு, சாதாரண காலங்களில் 20-க்குக் கீழே இருப்பது, ஏப்ரல் 8 அன்று 50-க்கு மேல் முடிந்தது. ஏப்ரல் 9 அன்று சீனா தவிர்த்த நாடுகளுக்குப் பெரும்பாலான கூடுதல் வரிகள் 90 நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டதும், குறியீடு ஒரே நாளில் 9.5 சதவீதம் தாவியது. 2008-க்குப் பிறகு அப்படியொரு நாள் வந்ததில்லை. பயந்து 8-ஆம் தேதி விற்றவர் வீழ்ச்சியை முழுவதும் தாங்கி, மீட்சியை முழுவதும் இழந்தார்.

அந்த வாரத்தில் நடந்த இன்னொன்றை நான் பங்குச் சரிவைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். அச்சம் உச்சத்தில் இருந்தபோது, வழக்கப்படி இறங்கியிருக்க வேண்டிய அமெரிக்கப் பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் விகிதம், ஏறத்தாழ 4 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதத்துக்கு ஏறியது. டாலரும் யூரோவுக்கும் சுவிஸ் பிராங்குக்கும் எதிராகச் சரிந்தது. மழைக்கு ஒதுங்கும் கூரையே ஒழுகியது என்று சொல்லலாம். கலக்கத்தின் ஊற்று அமெரிக்காவின் கொள்கையாகவே இருக்கும்போது, அமெரிக்கப் பத்திரம் எல்லா நாட்களிலும் புகலிடமாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இத்தகைய அபாயத்தை எண்ணால் அளக்கவும் முயற்சிகள் உண்டு. அமெரிக்க மத்திய வங்கியின் பொருளியலாளர்கள் டாரியோ கால்டாராவும் மத்தேயோ யாகோவியெல்லோவும் உருவாக்கிய புவிசார் அரசியல் அபாயக் குறியீடு, பெரிய செய்தித்தாள்களில் போர், பயங்கரவாதம், அச்சுறுத்தல் பற்றிய கட்டுரைகளின் பங்கை எண்ணிக் கணக்கிடுகிறது. 1990-91 வளைகுடாப் போர், 2001 செப்டம்பர் 11, 2003 ஈராக் போர், 2022 உக்ரைன் என அதன் சிகரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அது அளப்பது செய்தியின் அடர்த்தியை. செய்தி உச்சத்தில் இருக்கும் நாளில் விலை பெரும்பாலும் தன் வேலையை முடித்திருக்கும்.

வரலாற்றைப் பார்த்தால், போர்ச் செய்தியால் வந்த பங்குச் சரிவுகள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டிருக்கின்றன. உக்ரைன் படையெடுப்பு நாளில்கூட, வர்த்தகத்தின் ஒரு கட்டத்தில் 2.5 சதவீதத்துக்கு மேல் விழுந்த எஸ் அண்டு பி 500, மாலையில் 1.5 சதவீத உயர்வோடு முடிந்தது. இதை வைத்துக்கொண்டு, சரிவில் வாங்கிவிடு, எப்படியும் ஏறும் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். அந்த அறிவுரையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: அது பிழைத்துக்கொண்ட சந்தைகளை மட்டுமே எண்ணுகிறது.

அதே 2022 பிப்ரவரி 24 அன்று மாஸ்கோ பங்குக் குறியீடு 33 சதவீதம் விழுந்தது. 28-ஆம் தேதி ரஷ்ய மத்திய வங்கி வட்டியை 9.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு உயர்த்தியது. பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை முடக்கின. மார்ச் 24 அன்று வர்த்தகம் ஓரளவு மீண்டும் தொடங்கியபோது வெளிநாட்டவர் விற்கத் தடை இருந்தது. அதற்கு முன்பே, உலக முதலீட்டு நிதிகள் பின்பற்றும் குறியீடுகளை வெளியிடும் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனம், மார்ச் 9 அன்று ரஷ்யப் பங்குகளை நடைமுறையில் பூஜ்ய விலைக்குத் தன் வளரும் சந்தைகள் குறியீட்டிலிருந்து நீக்கியிருந்தது. எண்ணெயும் எரிவாயுவும் தோண்டி, நல்ல லாபம் ஈட்டிக்கொண்டிருந்த நிறுவனங்களின் பங்குகள் அவை. நிறுவனங்கள் இருந்தன, லாபம் இருந்தது, அந்த லாபத்தின்மீது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு இருந்த உரிமைதான் கைக்கு எட்டாமல் போனது. அந்நாட்டுக்கு இது முதல் முறையும் அல்ல. 1914-இல் போர் தொடங்கியபோது மூடப்பட்ட நியூயார்க், லண்டன் பங்குச் சந்தைகள் சில மாதங்களில் மீண்டும் திறந்தன. ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் சந்தை 1917 தொடக்கத்தில் சிறிது காலம் திறந்து, மீண்டும் மூடியது. புரட்சிக்குப் பின் 1918 பிப்ரவரியில் புதிய அரசு பழைய அரசின் கடன்களை ரத்துசெய்தது. ஜார் அரசின் பத்திரங்களை வாங்கியிருந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் சேமிப்பு, பெட்டிகளில் வெறும் காகிதமாகத் தங்கிப்போனது.